மேடையில் பிறந்த இசைத்தட்டு



எங்கள் பள்ளியின் ஆண்டு விழாவில் மாணவர்கள் பாடிய பாட்டை நாங்கள் ஒருமுறை ஒலிநாடாவில் பதிவு செய்தோம். மறுநாள் ஆவலோடு போட்டுக் கேட்டால், பாட்டைவிட முன்வரிசையில் இருந்த கைக்குழந்தையின் அழுகையும் மின்விசிறியின் ஓசையுமே மேலோங்கி நின்றன. முதல்நாள் இனிமையாகக் கேட்ட பாட்டு எங்கே போயிற்று? நம் காது வேண்டியதைத் தேர்ந்து கேட்கிறது. ஒலிவாங்கிக்கு அந்தப் பகுத்தறிவு இல்லை. தன்னிடம் வரும் எல்லா ஒலியையும் அது அப்படியே வாங்கிக்கொள்கிறது.

அப்படியானால், கூட்டம் ஆரவாரம் செய்யும் பெரிய மண்டபத்தில், காதைத் துளைக்கும் ராக் இசையை எப்படித் தெளிவாகப் பதிவு செய்கிறார்கள்? அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, 1972-ஆம் ஆண்டில் பதிவான ‘மேட் இன் ஜப்பான்’ என்னும் இசைத்தட்டு.

இதனைத் தந்த ‘டீப் பர்ப்பிள்’ குழு 1968-இல் இங்கிலாந்தில் தோன்றியது. இப்பதிவின்போது அதில் ஐவர் இருந்தனர். இயன் கில்லன் பாடினார். ரிச்சி பிளாக்மோர் கிட்டாரும், ரோஜர் குளோவர் பேஸ் கிட்டாரும், ஜான் லார்ட் ஆர்கனும், இயன் பேஸ் டிரம்ஸும் வாசித்தனர். மின்சாரக் கிட்டாரின் ஒலியைப் பெருக்கி, கரகரப்பு ஏற்றி, டிரம்ஸின் பலத்த அடியோடு சேர்த்து வாசிக்கும் இவ்விசையைப் பெரியவர்கள் ‘வெறும் இரைச்சல்’ என்று ஒதுக்குவதுண்டு. அந்த இரைச்சலுக்குப் பின்னே எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று பார்ப்போம்.

அவர்களின் ஜப்பான் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வெளியிட அந்நாட்டு இசைத்தட்டு நிறுவனம் விரும்பியது. குழுவினரோ தயங்கினர். மேடையின் உயிர்த்துடிப்பு தட்டில் வராது என்பது அவர்கள் எண்ணம். இறுதியில் நிபந்தனையோடு இசைந்தனர். தங்கள் ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச் பதிவு செய்ய வேண்டும். தங்களுக்குப் பிடித்தால்தான் வெளியிட வேண்டும் என்றனர்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் பிழை நேர்ந்தால் மறுபடியும் பாடலாம். மேடையில் அது முடியாது. ஆகவே மூன்று இரவுகள் பதிவு செய்தார்கள். ஆகஸ்ட் 15, 16 ஆகிய நாட்களில் ஒசாக்கா நகரிலும், 17-ஆம் நாள் தோக்கியோவின் புடோக்கான் அரங்கிலும் நிகழ்ச்சிகள் நடந்தன.

பதிவுக்கருவி எட்டுத் தடக் கருவி. ஒரே ஒலிநாடாவில், அகலச் சாலையின் பாதைகளைப்போல, எட்டுத் தடங்கள் அருகருகே ஓடும். குரலை ஒரு தடத்திலும் கிட்டாரை வேறொரு தடத்திலும் பதித்தால், பிறகு ஒன்றைக் கூட்டலாம், மற்றொன்றைக் குறைக்கலாம். ஆயினும் டிரம்ஸின் ஓசை பாடகரின் ஒலிவாங்கிக்குள்ளும் புகுந்துவிடும். அதனால் ஒவ்வோர் ஒலிவாங்கியையும் அதற்குரிய கருவிக்கு மிக அருகில் வைப்பார்கள். ஒலி அளவு மிகுந்தால் பதிவு சிதையும். குறைந்தால் நாடாவின் இரைச்சல் மேலெழும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒலிப்பதிவாளர் அளவுமானியின் முள்ளைக் கவனித்தபடி இருக்க வேண்டும். ‘நிறுத்துங்கள்’ என்று சொல்ல அவருக்கு வழியில்லை.

மூன்று இரவுகளிலிருந்தும் ஏழு பாடல்களைத் தேர்ந்தார்கள். முதல் இரவிலிருந்து ஒன்று, இரண்டாம் இரவிலிருந்து நான்கு, தோக்கியோவிலிருந்து இரண்டு. முதல் இரவின் அந்த ஒரு பாடல், 1971 டிசம்பர் 4-இல் சுவிட்சர்லாந்தின் மொந்திரோ நகரில் அவர்கள் கண்ணெதிரே எரிந்துபோன கேளிக்கை மண்டபத்தைப் பற்றியது. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே அடங்கும். எனவே இரண்டு தட்டுகள் தேவைப்பட்டன. கடைசிப் பாடல் மட்டுமே ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது.

தடங்களைக் கலந்து சீர்செய்யும் வேலைக்கு ஐவரில் குளோவரும் பேஸும் மட்டுமே வந்தனர். கூடத்தில் புதிதாகப் பாடியோ வாசித்தோ ஒட்டுப்போடவில்லை. தம் குரலில் கில்லனுக்கு முழு மனநிறைவு இல்லை. இருந்தும் அன்று பாடியது பாடியபடியே வெளிவந்தது.

ஜப்பானுக்கென்று மட்டும் எண்ணித் தொடங்கிய இப்பதிவு, 1972 டிசம்பரில் பிரிட்டனிலும், 1973-இல் அமெரிக்காவிலும் வெளியாயிற்று. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஆறாம் இடம்வரை ஏறியது. தயங்கியவர்களுக்கே அது பெரும் புகழ் தேடித் தந்தது.

நேயர்களே, இன்று கைத்தொலைபேசியிலேயே நாம் ஒலிப்பதிவு செய்கிறோம். கோயில் திருவிழாவிலோ திருமணத்திலோ வீட்டுப் பெரியவர் பாடினால், கருவியை அவர் அருகில் வையுங்கள். மின்விசிறிக்கும் ஒலிபெருக்கிக்கும் தள்ளி வையுங்கள். முதலில் சிறிது பதிந்து கேட்டுப் பாருங்கள். நடுவில் குரல் தடுமாறினால் அழித்துவிட வேண்டாம். அந்தத் தடுமாற்றமும் அன்றைய பாட்டின் ஒரு பகுதிதான். பின்னாளில் நம் பிள்ளைகள் கேட்க விரும்புவது அதையாகவும் இருக்கலாம்.