தொட்டிலில் ஒரு பொருளாதாரப் பாடம்

பேத்தி பிறந்த பத்தாம் நாள், அரும்பாவூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு விசாரணை நடந்தது. குழந்தை நாளொன்றுக்கு ஏழெட்டு முறை மஞ்சளாகவும் நீர்க்கவும் மலம் கழித்தாள். 'தாய்ப்பால் ஒத்துக்கொள்ளவில்லை, டின் பால் வாங்கி வந்துவிடுங்கள்' என்பது உறவினர்களின் தீர்ப்பு. நானும் கிளம்பிவிட்டேன். அப்போது வந்த கிராமச் சுகாதாரச் செவிலியர் துணியைப் பார்த்துவிட்டு, 'இது வயிற்றுப்போக்கு இல்லை ஐயா. வயிறு நிறையப் பால் குடிக்கிறாள்' என்றார். தகவல் அறியாத நுகர்வோர் தேவையற்றதை வாங்குவார் என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடம் நடத்திய நானே, அத்தகைய நுகர்வோராக நின்றேன்.

பிறந்த குழந்தை முதலில் கழிப்பது கரும்பச்சை நிறத்தில் பிசின்போல் ஒட்டும் மலம். இதனைக் 'காட்டுப்பீ' என்பர் நம் பாட்டிமார். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் இது வெளியேறத் தொடங்கும். அதற்கு உதவும் இயற்கை மருந்து சீம்பால். அதைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ சேனையாக வைத்தால் குடல் சுத்தமாவது தாமதமாகும். மஞ்சள்காமாலைக்குக் காரணமான நிறமியும் உடலில் தங்கும். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஆபத்தானதும்கூட.

நான்கைந்து நாள்களில் தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலம் கடுகு விழுதுபோல் மஞ்சளாகிறது. பால் குடிக்கும்போதெல்லாம் கழிப்பதும் இயல்பே. புட்டிப்பால் குடிக்கும் குழந்தையின் மலம் சற்றுக் கெட்டியாக, பழுப்பு நிறத்தில், நாளைக்கு ஓரிரு முறை வெளியேறும். பால்மாவின் கொழுப்பு சுண்ணாம்புச் சத்துடன் சேர்ந்து இறுகுவது இதற்கு ஒரு காரணம். மாவின் அளவு கூடினால் மலச்சிக்கல் வரும். டின் பல நாள் வரட்டும் என்று நீரைக் கூட்டினால் குழந்தை இளைக்கும்.

ஆறு வாரங்களுக்குப் பின் நிலைமை தலைகீழாகிறது. தாய்ப்பால் பெரும்பகுதி செரித்துவிடுவதால், சில குழந்தைகள் பல நாள்கள்வரை மலம் கழிப்பதில்லை. உடனே விளக்கெண்ணெயும் உரை மருந்தும் வருகின்றன. வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தொட்டு ஆசனவாயில் வைக்கிறார்கள். மலம் இளகலாக இருந்து, குழந்தை நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் கூடிவந்தால் இவை எதுவும் தேவையில்லை.

இந்த அறியாமைக்கு விலை உண்டு. தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. ஆயினும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் ஏறத்தாழ 55 சதவீதம். இந்திய அளவில் இது 63.7 சதவீதம். பால்மா விளம்பரத்தை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. விளம்பரம் செய்ய முடியாததை வீட்டாரின் அச்சம் செய்துவிடுகிறது.

அறியாமை மட்டுமே காரணமன்று. நிறுவனங்களில் பணிபுரியும் பெண்களுக்கு 26 வாரப் பேறுகால விடுப்பு உண்டு. எங்கள் மாவட்டத்தின் மக்காச்சோளக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் கூலி வேலை செய்யும் தாய்க்கு அது இல்லை. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி பெரிதுதான்; எனினும் ஆறு மாதக் கூலிக்கு அது ஈடாகாது. தாய்க்கு உண்மையிலேயே பால் போதாதபோதும் நோயுற்றபோதும் மருத்துவர் ஆலோசனையுடன் புட்டிப்பால் கொடுப்பதில் குற்றமில்லை.

அஞ்ச வேண்டியவற்றுக்கு அஞ்சத்தான் வேண்டும். 48 மணி நேரமாகியும் முதல் மலம் வராமை, மலத்தில் ரத்தம், சுண்ணாம்புபோல் வெளுத்த மலம், பச்சை நிற வாந்தி, வயிறு உப்புதல், திடீரென நீராகப் போய்க் குழந்தை சோர்ந்து பால் மறுத்தல் ஆகியவற்றைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

தாயும் சேயும் வீடு திரும்பும்போது, எது இயல்பு, எது ஆபத்து என்பதை வண்ணப் படங்களுடன் விளக்கும் ஓர் அட்டையை மருத்துவமனைகள் தரலாம். செவிலியர் அதைப் பாட்டிக்கும் படித்துக் காட்டலாம். ஒரு டின் பால்மாவின் விலையில் இத்தகைய அட்டைகள் பலவற்றை அச்சிட முடியும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).