இராமன் விளைவும் பாதரச உப்பின் புதிரும்

பொருள்கள் யாவும் அணுக்கள் கூடி அமைந்தவை என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயினும், கண்ணாற் காணவொண்ணாத மூலக்கூற்றினுள் எவ்வணு எதனோடு பிணைந்துள்ளது என்பதை அறிவது எங்ஙனம்? அதற்கு உதவும் வழிகளுள் ஒன்று இராமன் விளைவாகும்.

திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன், கே. எஸ். கிருஷ்ணனுடன் கல்கத்தாவில் ஆராய்ந்து, 1928ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆந் திகதி இவ்விளைவைக் கண்டார். 1930இல் நோபெல் பரிசும் பெற்றார். ஒரே நிறமுடைய ஒளியைத் தெளிந்த திரவத்தினூடே செலுத்தினால், சிதறும் ஒளியிற் பெரும்பகுதி பழைய நிறத்துடனேயே வெளிப்படும். மிகச் சிறு பகுதி மட்டும் நிறம் மாறி வரும். காரணம் யாது? மூலக்கூற்றிலுள்ள அணுக்கள், சுருள்வில்லாற் பிணைத்த குண்டுகளைப்போல ஓயாது அதிர்கின்றன. ஒளி தன் சக்தியிற் சிறிதை அவ்வதிர்வுக்கு ஈந்து, குறைந்த மீடிறனுடன் வெளியேறுகின்றது; சிலபோது சக்தியைப் பெற்று வெளியேறுவதும் உண்டு. ஆகவே, நிறமாற்றத்தை அளந்தால் அதிர்வை அளந்தவாறாகும். பிணைப்பு வேறுபட்டால் அதிர்வும் வேறுபடும்.

இம்முறை தீர்க்க உதவிய புதிர் ஒன்றைக் காண்போம். பாதரசத்தின் ஒருவகை உப்பில் அணு ஒன்றுக்கு ஒரு மின்னேற்றம் உண்டு. நீரிற் கரைந்தபின் அவ்வணுக்கள் தனித்தனியே உலவுகின்றனவா, இரண்டிரண்டாகக் கைகோத்து உலவுகின்றனவா? எடையறி பகுப்பினால் இதனைக் கூறவியலாது. இருவகையிலும் விகிதம் ஒன்றே. 1934இல் வூட்வட் என்னும் பிரித்தானிய அறிஞர், அவ்வுப்பின் நைத்திரேற்றுக் கரைசலினுள் ஒளியைச் செலுத்தி ஆராய்ந்தார். நைத்திரேற்றுக்குரிய கோடுகளுக்குப் புறம்பாக, சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 169 என்னும் அலையெண் மாற்றத்திற் புதிய கோடொன்று தோன்றிற்று. தனித்து நிற்கும் அணு எதனோடு அதிரும்? இரு பாதரச அணுக்களின் பிணைப்பே அங்கு அதிர்ந்தது. முன்னரே கிடைத்திருந்த வேறு சான்றுகளும் இம்முடிவோடு ஒத்தன.

செந்நிறக்கீழ்க் கதிர்களும் அதிர்வுகளை அறிய உதவுவனவே. ஆனால் ஒத்த இரு அணுக்கள் சமச்சீராய் அதிரும்போது அக்கதிர்கள் அதனை உணரா. நீரும் அவற்றைப் பெரிதும் விழுங்கிவிடும். இராமன் ஒளிக்கு இவ்விரு தடையும் இல்லை. அதன் குறை மங்கலே. முற்காலத்தில் ஒளிப்படத் தகடுகளை மணிக்கணக்காக ஒளிபடும்படி வைக்கவேண்டியிருந்தது. 1960இல் லேசர் தோன்றியபின் அக்குறை பெரிதும் நீங்கிற்று. பொருளைச் சிதைக்காமல், கரைத்த நிலையிலேயே அதன் அமைப்பை வினவ இன்றும் இரசாயன ஆய்வாளர் இம்முறையை நாடுகின்றனர்.