பவளத் தொட்டியில் பாறை அடுக்குதல்

பாறை அடுக்குதல் என்பது, கடல்நீர் நிரப்பிய பவளத் தொட்டியில் சுண்ணாம்புப் பாறைத் துண்டுகளை இயற்கையான பவளத்திட்டின் அமைப்பை ஒத்து நிலைநிறுத்தும் முறை ஆகும். மீன்களோடு உயிருள்ள பவளங்களையும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியே பவளத் தொட்டி எனப்படுகிறது. இதில் பாறை வெறும் அழகுப்பொருள் அன்று. நீரைத் தூய்மையாக்கும் பாக்டீரியாக்களின் இருப்பிடமாகவும், பவளங்கள் ஒட்டி வளரும் தளமாகவும், மீன்களின் புகலிடமாகவும் அது விளங்குகிறது. அடுக்கு நெருக்கமாக இருந்தால் நீரோட்டம் தடைப்பட்டுக் கழிவு தேங்கும். உறுதியின்றி இருந்தால் சரிந்து உயிர்களை நசுக்குவதோடு தொட்டியையும் உடைக்கக்கூடும்.

உயிர்ப்பாறை

பவளங்கள் இறந்த பின் எஞ்சும் கால்சியம் கார்பனேட்டுக் கூடுகள் கடலில் கிடந்து, பாசிகள், கடற்பஞ்சுகள், புழுக்கள், பாக்டீரியாக்கள் முதலியன குடியேறிய நிலையில் உயிர்ப்பாறை எனப்படுகின்றன. பாறைக்கு உயிர் இல்லை. அதில் வாழும் உயிரினங்களாலேயே இப்பெயர் ஏற்பட்டது. இதன் மேற்பரப்பில் பெரும்பாலும் ஊதா அல்லது இளஞ்சிவப்பு நிறச் சுண்ணப்பாசிகள் படர்ந்திருக்கும்.

மீன்களின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா நச்சுத்தன்மை உடையது. பாறையின் மேற்பரப்பில், ஆக்சிசன் மிகுந்த இடத்தில் வாழும் நுண்ணுயிரிகள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆக்சிசன் குறைந்த உட்துளைகளில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரசன் வளிமமாக மாற்றி வெளியேற்றுகின்றன. இவ்விரு பணிகளும் நடைபெற, பாறை துளைகள் நிறைந்ததாகவும் அதனைச் சுற்றி நீர் தடையின்றி ஓடுவதாகவும் இருத்தல் வேண்டும்.

வரலாறு

இந்தோனேசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் கொண்டு கடல் உயிரினங்களை வளர்க்கும் முறையை 1961 ஆம் ஆண்டில் அமெரிக்க இதழ் ஒன்றில் விவரித்தார். பின்னர் செருமனியில், உயிர்ப்பாறையோடு நுரைவழி கழிவு நீக்கும் கருவியையும் வலுவான ஒளியையும் இணைத்த முறை உருவானது. இது பெர்லின் முறை என்று பெயர் பெற்றது.

தொடக்கக் காலத் தொட்டிகளில் பின்புறக் கண்ணாடியை ஒட்டிப் பாறைகளைச் சுவர்போல அடுக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. 100 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 12 முதல் 24 கிலோகிராம் பாறை என்ற கணக்கும் பின்பற்றப்பட்டது. ஆயினும் எடை சரியான அளவுகோல் அன்று. துளை மிகுந்த இலேசான பாறை, அதே எடையுள்ள செறிந்த பாறையைவிட மிகுதியான பரப்பைத் தரும். எனவே, குறைந்த பாறையைக் கொண்டு திறந்த அமைப்பை உருவாக்கும் வழக்கம் பின்னர் வலுப்பெற்றது.

இயற்கைத் திட்டின் அமைப்பு

பவளத்திட்டு ஒரே சீரான சுவராக அமைவதில்லை. அலைகள் மோதும் வெளிச்சரிவில் பாறை முகடுகளும் அவற்றுக்கு இடையே மணல் நிறைந்த வாய்க்கால்களும் மாறிமாறிக் காணப்படும். அமைதியான கடற்காயலில் மணற்பரப்பின் நடுவே தனித்தனிப் பாறைக் குன்றுகள் எழும். பாறையின் அடியில் குகைகளும் துருத்திய விளிம்புகளும் உண்டு. தொட்டியில் இயற்கைத் தோற்றம் வேண்டுவோர் இவற்றுள் ஒரு பகுதியைத் தேர்ந்து அதனையே பின்பற்றுவர். உயரம் வேறுபட்ட இரண்டு குன்றுகளை நடுவிலிருந்து விலக்கி வைத்து, இடையே வாய்க்கால் விடுவது பரவலான அமைப்பாகும்.

அடுக்கும் முறை

* பெரிய, தட்டையான அடிப்பாறைகள் மணல் இடுவதற்கு முன்பே தொட்டியின் அடித்தளத்தில் அல்லது அதன் மேல் வைத்த தாங்கியில் அமர்த்தப்படுகின்றன. மணலின் மேல் வைத்தால், வளை தோண்டும் மீன்களும் இறால்களும் அடிமணலை அகற்றும்போது பாறை சரியும்.
* ஒவ்வொரு பாறையும் குறைந்தது மூன்று புள்ளிகளில் தாங்கப்படுதல் வேண்டும். ஐயமுள்ள இடங்களில் நீரில் இறுகும் எப்பாக்சிப் பசை, அக்ரிலிக் கம்பி ஆகியவற்றால் பிணைக்கலாம். துருப்பிடிக்கும் உலோகம் பயன்படுத்தலாகாது.
* பாறைக்கும் கண்ணாடிக்கும் இடையே கை நுழையும் அளவு இடைவெளி விடப்படும். இது கண்ணாடியைத் துடைக்கவும் நீர் சுழலவும் உதவும்.
* மேற்பகுதியில் வெற்றிடம் விடுதல் வேண்டும். கிளைப் பவளங்கள் வளர்ந்து அவ்விடத்தை நிரப்பும்.
* மிகுந்த ஒளியும் நீரோட்டமும் வேண்டும் அக்ரோபோரா பவளங்களுக்கு உயரமான இடங்களும், காளான் பவளங்களுக்குக் கீழுள்ள நிழற்பகுதிகளும் ஒதுக்கப்படுகின்றன.

திடமான பவளப்பாறை கடல்நீரில் மூழ்கியிருக்கையில் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழக்கிறது. நீரை வெளியேற்றும்போது அந்த எடை முழுவதும் அடுக்கின் மேல் திரும்ப ஏறும். ஆகவே, நிறைந்த தொட்டியில் அசையாதிருந்த அடுக்கு நீர் மாற்றும் வேளையில் சரிய வாய்ப்புண்டு. முதலில் உலர்ந்த தரையில் அடுக்கி, அசைத்துப் பார்த்த பின்னரே தொட்டியில் வைப்பது பாதுகாப்பானது.

பதப்படுத்தலும் இடர்களும்

பயணத்தின்போது பாறையில் உள்ள உயிரினங்கள் பல இறந்து அழுகும். மீன்கள் உள்ள தொட்டியில் அதனை உடனே இட்டால் அமோனியா உயர்ந்து அவை மடியும். இதனால் பாறை தனிக் கலத்தில், ஓடும் உப்புநீரில், அமோனியாவும் நைட்ரைட்டும் அறவே நீங்கும் வரை வைக்கப்படுகிறது. இதற்குச் சில வாரங்கள் ஆகும்.

ஐப்டாசியா எனும் சிறு கடற்சாமந்தி, மாண்டிஸ் இறால் போன்ற வேண்டாத உயிரினங்களும் பாறையோடு வந்து சேர்வதுண்டு. அவற்றை அழிக்கப் பாறையைக் கொதிக்க வைத்தல் மிகவும் ஆபத்தானது. பாலித்தோவா வகை உயிரினங்கள் சிலவற்றில் உள்ள பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு ஆவியோடு பரவி, வீட்டில் உள்ளோர் அனைவரையும் பாதித்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன.

பாதுகாப்பும் சட்டமும்

பவளத்திட்டு உருவாக நெடுங்காலம் ஆகும். அதனை உடைத்தெடுக்கச் சில நாட்கள் போதும். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகள் நெடுங்காலம் வெட்டி எடுக்கப்பட்டதால் திட்டுகள் பெரிதும் சிதைந்தன. அப்பகுதியின் 21 தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா 1986 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. திட்டு உருவாக்கும் பவளங்கள் 2001 ஆம் ஆண்டில் இந்தியாவின் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றைக் கடலிலிருந்து எடுத்தல் தண்டனைக்குரிய குற்றமாகும்.

இதற்கு மாற்றாக, நிலத்தில் கிடைக்கும் பழமையான சுண்ணாம்புப் பாறை, சிமெண்டு அல்லது சுட்ட களிமண்ணால் செய்த செயற்கைப் பாறை ஆகியவை பயன்படுத்தப்படுகின்றன. இவற்றில் தொடக்கத்தில் உயிர் எதுவும் இராது. பதப்பட்ட பாறைத் துண்டு ஒன்றையோ பாக்டீரியாக் கரைசலையோ சேர்த்து, அமோனியா ஊட்டிப் பொறுத்திருந்தால், சில மாதங்களில் இவையும் உயிர்ப்பாறையின் பணியைச் செய்யத் தொடங்கும். சுண்ணப்பாசி படர்ந்த பின் இவற்றை இயற்கைப் பாறையிலிருந்து கண்ணால் பிரித்தறிவது கடினம்.