அல்டோனா

அல்டோனா என்பது ஜெர்மனியின் ஹாம்பர்க் மாநகரிலுள்ள ஏழு மாவட்டங்களுள் ஒன்று. எல்பே ஆற்றின் வடகரையில் அமைந்துள்ள இது 1938 வரை தனி நகரமாக இருந்தது. 'மிகவும் அருகில்' என்று பொருள்படும் வட்டார வழக்கிலிருந்து இப்பெயர் வந்ததாகக் கூறுவர். ஹாம்பர்க் எல்லைக்கு அருகே வளர்ந்த மீனவர் குடியிருப்புக்கு அது பொருத்தமான கதைதான். ஆனால் ஆய்வாளர் அனைவரும் அதை ஏற்பதில்லை.

வரலாறு

1640இல் டென்மார்க் மன்னரின் ஆட்சிக்குள் வந்த அல்டோனா, 1664இல் நகர உரிமை பெற்றது. லூத்தரன் திருச்சபையைச் சேராதோருக்கு ஹாம்பர்க்கில் இல்லாத வழிபாட்டு உரிமை இங்கே கிடைத்தது. யூதர், கத்தோலிக்கர், மென்னோனைட்டுகள் இங்குக் குடியேறினர். ஹாம்பர்க் சின்னத்தில் கோட்டைக் கதவு மூடியிருக்கும்; அல்டோனாவின் சின்னத்தில் அது திறந்திருக்கும். 1713இல் சுவீடன் படையினர் நகரை எரித்தனர். எனினும் மீண்டெழுந்து, கோபன்ஹேகனுக்கு அடுத்த பெரிய நகராக டென்மார்க் அரசில் விளங்கியது. 1864ஆம் ஆண்டுப் போரில் டென்மார்க் தோற்றபின் பிரஷ்யாவின் வசமானது.

1892ஆம் ஆண்டுக் காலரா

இரு நகரங்களும் எல்பே ஆற்று நீரையே குடித்தன. ஹாம்பர்க், நகருக்கு மேலே நீரை எடுத்து வடிகட்டாமல் வழங்கியது. அல்டோனாவோ ஹாம்பர்க்கின் கழிவுநீர் கலந்தபின், ஆற்றின் கீழ்ப்பகுதியில் நீரை எடுத்தது. ஆனால் மணற்படுகைகளில் வடிகட்டியே வழங்கியது. 1892இல் காலரா பரவியபோது ஹாம்பர்க்கில் 8,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அல்டோனாவில் பாதிப்பு மிகக் குறைவு. எல்லைத் தெருவொன்றில் ஒரு பக்கம் நோய் வாட்டியது, எதிர்ப்பக்கம் தப்பியது. ஹாம்பர்க் எல்லைக்குள் இருந்தும் அல்டோனாவின் நீரைப் பெற்ற ஒரு குடியிருப்பிலும் நோய் தோன்றவில்லை. காற்று, மண், மக்கள் எல்லாம் ஒன்றாயிருக்க, வேறுபட்டது குடிநீர் மட்டுமே. காலரா நீர்வழிப் பரவும் நோய் என்பதற்கு ராபர்ட் கோக் இதை வலுவான சான்றாகக் காட்டினார். பொதுச் சுகாதாரப் பாடங்களில் இந்நிகழ்வு இன்றும் இடம்பெறுகிறது.

இணைப்பு

நாஜி அரசு 1937 சனவரியில் பெரு ஹாம்பர்க் சட்டத்தை இயற்றியது. அதன்படி அல்டோனா, வாண்ட்ஸ்பெக், ஹார்பர்க்-வில்ஹெல்ம்ஸ்பர்க் ஆகிய பிரஷ்ய நகரங்கள் 1937 ஏப்ரல் 1இல் ஹாம்பர்க் மாநிலத்துக்கு மாற்றப்பட்டன. ஓராண்டுக்குப்பின் அவற்றின் தனி நகராட்சிகளும் முடிவுக்கு வந்தன. மக்களின் கருத்து கேட்கப்படவில்லை. 1943ஆம் ஆண்டு வான்குண்டு வீச்சில் பழைய நகரின் பெரும்பகுதி அழிந்தது.

தொடக்கத்தில் தொடருந்து நிலையமாக இருந்து, பின்னர் நகர மன்றமான கட்டடம் இப்போது மாவட்ட அலுவலகமாக உள்ளது. அதன் அருகே 1900இல் அமைக்கப்பட்ட நீரூற்றில், பாதி மனிதனும் பாதி குதிரையுமான இரு உருவங்கள் ஒரு மீனுக்காகச் சண்டையிடுகின்றன. இரு நகரங்களின் போட்டியை அது குறிப்பதாகக் கருதுவர்.