விமான நிறுவனம் மூடப்பட்டால் பயணச்சீட்டுப் பணம் என்னவாகும்?

விமான நிறுவனம் ஒன்று கையில் பணமில்லாமல் திடீரெனச் சேவையை நிறுத்தும்போது, அதில் முன்பதிவு செய்தவர்களின் பணம் எங்கே போகிறது, அதைத் திரும்பப் பெற என்ன வழி இருக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. உளுந்தூர்ப்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையில் மேற்கே போய், சேலத்தையும் தாண்டினால் காமலாபுரத்தில் ஒரு சிறிய விமான நிலையம் இருக்கிறது. 1993இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தின் கதையே இந்தப் பாடத்துக்கு நல்ல முன்னுரை. 1990களில் என்.இ.பி.சி. நிறுவனத்தின் விமானம் அங்கே வந்து போனது, பிறகு நின்றது. 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் சென்னைக்குச் சேவை தொடங்கியது, அதுவும் நின்றது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தின் கீழ் ட்ரூஜெட் வந்தது. அந்த மூன்று நிறுவனங்களில் ஒன்றுகூட இன்று பறக்கவில்லை. 2023 அக்டோபரில்தான் வேறு நிறுவனங்கள் வழியாகச் சேலத்துக்கு மீண்டும் சேவை வந்தது. பாரமவுண்ட் 2010இலும், கோவையைச் சேர்ந்த ஏர் கார்னிவல் தொடங்கிய ஓராண்டுக்குள் 2017இலும் நின்றுபோயின.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. சம்பளம் கிடைக்காத ஊழியர்களின் போராட்டத்துக்குப் பிறகு, 2012 அக்டோபரில் கிங்ஃபிஷரின் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. 1993இல் பறக்கத் தொடங்கிய ஜெட் ஏர்வேஸ், அவசரக் கடன் தர வங்கிகள் மறுத்ததால் 2019 ஏப்ரல் 17 இரவோடு நின்றது. கோ ஃபர்ஸ்ட் (முன்பு கோஏர்) 2023 மே 2 அன்று தானாகவே நொடிப்பு மனுவைத் தாக்கல் செய்து, மறுநாள் முதல் பறக்கவில்லை. கடைசி இரண்டு தேதிகளையும் பாருங்கள். பள்ளி விடுமுறை தொடங்கும் காலம். ஜனவரி, பிப்ரவரியிலேயே சீட்டு எடுத்து வைத்த குடும்பங்கள் இரண்டு முறையும் மாட்டிக்கொண்டன.

பணம் எங்கே போகிறது?

தீபாவளிக்கு நகைச் சீட்டுக் கட்டிய கடை, தீபாவளிக்கு முன்பே கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. விமானச் சீட்டும் ஏறக்குறைய அதுதான். மூன்று மாதம் முன்னதாக நாம் கட்டும் பணம் நம் பயண நாள் வரை தனியாகப் பூட்டி வைக்கப்படுவதில்லை. இன்றைய எரிபொருளுக்கும் இன்றைய சம்பளத்துக்கும் அது செலவாகிவிடும். நாம் வாங்கியது இருக்கை என்று நினைக்கிறோம். உண்மையில் அடமானம் ஏதுமின்றி அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுத்திருக்கிறோம்.

நிறுவனத்திடம் விமானங்கள் இருக்கின்றனவே, அவற்றை விற்றுக் கொடுக்கலாமே என்று கேட்கத் தோன்றும். இந்திய நிறுவனங்கள் ஓட்டும் விமானங்களில் பெரும்பாலானவை வாடகை விமானங்கள். வாடகையையும் பராமரிப்புச் செலவில் பெரும்பகுதியையும் டாலரில் கட்ட வேண்டும். கோ ஃபர்ஸ்ட் தன் வீழ்ச்சிக்குச் சொன்ன காரணம், பிராட் அண்ட் விட்னி எஞ்சின்கள் பழுதாகி, மாற்று எஞ்சின் வராமல், ஏறக்குறையப் பாதி விமானங்கள் தரையிலேயே நின்றன என்பது. நிறுவனம் விழுந்தபின் வாடகைக்கு விட்டவர்கள் வழக்குப் போட்டு, 2024 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பின் வழியாகத் தங்கள் விமானங்களை மீட்டார்கள். பயணிகளுக்குப் பங்கு போட விமானம் மிஞ்சவில்லை.

வரிசையில் பயணியின் இடம்

2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டப்படி, மனுவைத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டவுடன், அந்த நிறுவனத்தின் மீது யாரும் புதிதாக வழக்குத் தொடுக்கவோ பணம் வசூலிக்கவோ முடியாதபடி தடைக்காலம் வந்துவிடும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் அந்தத் தடை முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

நிறுவனத்தைக் கலைத்துச் சொத்துகளை விற்கும் நிலை வந்தால், யாருக்கு முதலில் பணம் என்பதைச் சட்டத்தின் 53ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. இந்த நடவடிக்கைகளுக்கு ஆன செலவு முதலில். அடுத்து, தொழிலாளர்களின் 24 மாத நிலுவையும், அடமானம் பெற்றுக் கடன் கொடுத்த வங்கிகளும். அதன்பின் மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம், அடமானமில்லாத நிதிக் கடன்கள், அரசுக்கான பாக்கி. இவையெல்லாம் போக எஞ்சிய கடன்கள் என்ற தலைப்பில்தான் பயணி வருகிறார். அவருக்குப் பின்னால் நிற்பவர்கள் பங்குதாரர்கள் மட்டுமே. கல்யாணப் பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்தவர் நிலைதான்.

காலமும் நீளும். ஜெட் நின்றது 2019இல். அதை மீட்கும் முயற்சிகள் தோற்று, கலைத்துவிடும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 நவம்பர் 7இல். கோ ஃபர்ஸ்டைக் கலைக்கும் உத்தரவு 2025 ஜனவரியில் வந்தது.

பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே சுற்றுலாத் தொகுப்பு விற்பவர்கள் ஒவ்வொரு பயணிக்கும் 2.50 பவுண்டு வீதம் ஏட்டால் என்ற பாதுகாப்பு நிதிக்குச் செலுத்துகிறார்கள். 2019 செப்டம்பர் 23 அன்று தாமஸ் குக் நிறுவனம் சரிந்தபோது வெளிநாடுகளில் இருந்த சுமார் 1,50,000 பேரை அரசு ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. தொகுப்பாக வாங்கியவர்களுக்கு அந்த நிதியிலிருந்து பணமும் கிடைத்தது. (இந்தியாவில் உள்ள தாமஸ் குக் வேறு உரிமையாளருடையது, அது பாதிக்கப்படவில்லை.) இந்தியாவில் இப்படியொரு நிதி கிடையாது. சீட்டுக்குச் சில ரூபாய் சேர்த்து வாங்கினால் இங்கும் நடத்தலாம் என்பது என் எண்ணம்.

மீட்கும் வழிகள்

பயணிக்கு ஓரளவு நம்பிக்கையான வழி கார்டு. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், சேவை கிடைக்கவில்லை என்று கார்டு தந்த வங்கியிடம் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆட்சேபம் ஏற்கப்பட்டால், விற்றவரின் வங்கியிடமிருந்து பணம் திரும்பப் பெறப்படும். விமான நிறுவனம் திவாலாகியிருந்தாலும் அந்த வங்கி இருக்கிறது. அதனால்தான் இந்த வழி வேலை செய்கிறது. இதற்குக் கால வரம்பு உண்டு. காத்திருந்து பார்ப்போம் என்று மாதங்களைக் கடத்தக் கூடாது. டெபிட் கார்டுக்கும் இந்த ஏற்பாடு உண்டு. யுபிஐயிலோ ரொக்கமாகவோ கொடுத்த பணம் இப்படித் திரும்புவது அரிது. ஏஜென்ட் வழியாக எடுத்திருந்தால், முதலில் அவரிடம் கேட்க வேண்டும்.

சேவை தடுமாறுகிறது என்று செய்தி வந்ததும் பலர் பதறிப்போய்த் தாங்களே சீட்டை ரத்து செய்கிறார்கள். அப்படிச் செய்தால் ரத்துக் கட்டணம் பிடிக்கப்படும். நிறுவனமே ரத்து செய்தால்தான் முழுப் பணமோ மாற்று விமானமோ கேட்கும் உரிமை வரும். பணத்துக்குப் பதிலாக அடுத்த பயணத்துக்கான வரவுச் சீட்டுத் தருகிறோம் என்றால் வாங்கக் கூடாது. விழப்போகும் நிறுவனத்தின் வரவுச் சீட்டு வெறும் காகிதம்.

தீர்ப்பாயம் நியமிக்கும் தீர்வு வல்லுநர், கடன்காரர்கள் தங்கள் உரிமையைப் பதிவு செய்யும்படி நாளிதழ்களில் அறிவிப்பு வெளியிடுவார். அதில் குறித்துள்ள கடைசி நாளுக்குள் முன்பதிவு எண், பணம் கட்டிய சான்று, அடையாளச் சான்று ஆகியவற்றுடன் படிவத்தை அனுப்ப வேண்டும். பதியாதவர் கடைசி இலையில்கூட உட்கார முடியாது. பயணக் காப்பீடு இருந்தால் பத்திரத்தைப் படித்துப் பார்க்கவும். விமான நிறுவனம் நொடித்துப்போவதால் வரும் இழப்பைச் சேர்க்காத பாலிசிகள் பல.

சீட்டுப் பணம் மட்டும்தான் இழப்பு என்பதும் இல்லை. ஒரு நிறுவனம் நின்றால் அதே தடத்தில் மற்றவற்றின் கட்டணம் ஏறிவிடும். போக முடியாத ஊரில் கட்டிய விடுதி முன்பணத்தையும் யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

கள்ளக்குறிச்சியில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் இப்படி மாட்டிக்கொண்டது. தாத்தா, பாட்டி உட்பட ஆறு பேர். தாத்தாவுக்கு அதுதான் முதல் விமானப் பயணம். கிளம்ப ஒன்பது நாள் இருக்கையில் சேவை நின்றது. கட்டி வைத்த பெட்டியைப் பிரிக்க மனமில்லாமல், வேன் பிடித்துக் கச்சிராயப்பாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறி, வெள்ளிமலையில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தார்கள். கோடையில் மேகம் அருவியில் நூல் போலத்தான் தண்ணீர். பிள்ளைகள் அதற்கும் குதித்தார்கள்; தாத்தா மட்டும் வேனை விட்டு இறங்கவில்லையாம். மகனின் கிரெடிட் கார்டில் எடுத்த இரண்டு சீட்டுகளின் பணம் இரண்டு மாதத்தில் வந்துவிட்டது. தாத்தா தன் ஓய்வூதியத்தில் சேர்த்து வைத்து, ஏஜென்டிடம் ரொக்கமாகக் கொடுத்து எடுத்த நான்கு சீட்டுகள், உரிமை கோரியவர்கள் பட்டியலில் இன்னும் ஒரு வரியாக இருக்கின்றன.