எடைக் குறைப்பு இரணசிகிச்சையும் காப்பி, தேநீர்ப் பழக்கமும்

உடல் எடையைக் குறைப்பதற்காக வயிற்றில் அறுவை செய்துகொள்வது நகரத்துச் செல்வர்களுக்கு மட்டுமே உரியது என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. இன்று அந்நிலை மாறிவிட்டது. நீரிழிவும் மூட்டு வலியும் மூச்சுத் திணறலும் சேர்ந்து வருத்த, டாக்டரின் யோசனைப்படி இச்சிகிச்சையைச் செய்துகொண்டு ஊர் திரும்புவோர் கிராமங்களிலும் இருக்கின்றனர். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது மருந்துகளையும் உணவு விதிகளையும் எழுதிக் கொடுத்தனுப்புகிறார்கள். வீட்டார் மருந்துகளைத் தவறாமல் கொடுக்கிறார்கள். கஞ்சியைக் கூட அளந்து கொடுக்கிறார்கள். ஆனால் காப்பி, தேநீர் பற்றிய விதியை மட்டும் யாரும் பொருட்படுத்துவதில்லை. “ஒரு டம்ளர் தேநீர்தானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது?” என்பதே பொதுவான எண்ணம். அதில் என்ன வருகிறது என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேரும், ஆண்களில் 37 பேரும் தம் உயரத்துக்கு மிஞ்சிய எடை உடையவர்கள். இவர்கள் அனைவருக்கும் அறுவை தேவை என்று யாரும் எண்ணிவிடலாகாது. எடையைக் கிலோகிராமில் எடுத்துக்கொண்டு, உயரத்தை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி வந்த தொகையால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். 160 சென்டிமீட்டர் உயரமும் 90 கிலோ எடையும் உள்ளவருக்கு அது ஏறத்தாழ 35 ஆகும். இந்த எண் மிகுதியாக இருந்து, அதனால் நோய்களும் உண்டாகி, உணவுக் கட்டுப்பாடும் மருந்தும் பலன் தராதபோதே டாக்டர்கள் இச்சிகிச்சையை யோசிக்கிறார்கள். ஆசிய மக்களுக்கு 27.5 என்ற அளவிலிருந்தே யோசிக்கலாம் என்று 2022இல் சர்வதேச வைத்திய சங்கங்கள் வெளியிட்ட குறிப்பு கூறுகிறது.

இவ்வகை அறுவைகளுள் இரண்டு பெருவழக்கில் உள்ளன. ஒன்றில் இரைப்பையின் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீள்வாட்டில் அகற்றப்பட்டு, எஞ்சியது வாழைக்காய் போன்ற ஒடுங்கிய குழாயாக விடப்படுகிறது. மற்றொன்று, 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் எட்வர்டு மேசன் தொடங்கிய முறையிலிருந்து வளர்ந்தது. இதில் இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லிலிட்டர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி நீர் கொள்ளும் சிறு பை மட்டும் பிரிக்கப்பட்டு, சிறுகுடலின் கீழ்ப்பகுதி ஒன்றோடு நேராக இணைக்கப்படுகிறது. உணவு இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் தலைப்பகுதியையும் தொடாமலே கீழே சென்றுவிடுகிறது. இதை விவசாயிகளுக்கு எளிதில் விளக்கலாம். மதகிலிருந்து வரும் வாய்க்காலை இடையில் திருப்பி நேரே கடைமடைக்குக் கொண்டுபோனால் தலைமடை நிலம் காய்ந்து கிடக்குமல்லவா? நாம் உண்ணும் இரும்புச் சத்தில் பெரும்பகுதியை ஈர்த்துக்கொள்வது அந்தத் தலைமடைதான். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்ப வருவோம்.

இனி, காப்பியிலும் தேயிலையிலும் உள்ள காஃபீன் என்னும் பொருளைப் பற்றிச் சிறிது கூறுவோம். 1819இல் ஜெர்மானிய இரசாயன அறிஞர் ரூங்கே என்பவர் இதைக் காப்பிக் கொட்டையிலிருந்து தனியே பிரித்தெடுத்தார். சோர்வு என்ற செய்தி மூளைக்கு எட்டாதபடி தடுப்பது இதன் வேலை. உடலுக்குப் புதிய சக்தி எதையும் இது கொடுப்பதில்லை. களைப்பை மறைத்து வைக்கிறது, அவ்வளவே. 150 மில்லிலிட்டர் கொண்ட ஒரு கோப்பை வடிகட்டிய காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராமும், உடனடிக் காப்பித் தூளில் தயாரித்ததில் 50 முதல் 65 மில்லிகிராமும், தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராமும் காஃபீன் இருப்பதாக ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிலையத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டிக் குறிப்புகள் கூறுகின்றன. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பதும் அதன் யோசனை. நம் பக்கத்தில் காப்பித்தூளோடு சிக்கரி கலப்பது வழக்கம். சிக்கரியில் காஃபீன் இல்லை. கலப்புத் தூளை ஏளனம் செய்பவர்களுக்கு இவ்விஷயத்தில் மட்டும் அது உதவுகிறது என்பதை நினைவூட்டலாம். வயது வந்த ஒருவர் குடித்த காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரமாகிறது.

அறுவைக்கு முன்

காலை எழுந்ததும் ஒன்று, வயலுக்குப் போகுமுன் ஒன்று, பத்து மணிக்குக் கடையில் ஒன்று, மாலையில் இரண்டு என்று ஐந்து டம்ளர் குடிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் அறுவைக்காக ஆஸ்பத்திரியில் சேர்கிறார். அன்றே எல்லாம் நின்றுவிடுகிறது. பழகிய காஃபீன் நின்ற 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். இரண்டாம் நாள் உச்சத்தை எட்டும். சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கும். எரிச்சலும் அயர்வும் உடன் வரும், குமட்டலும் வரலாம். அறுவை முடிந்த மறுநாள் குமட்டலும் தலைவலியும் வந்தால், அது புண்ணால் வந்ததா, மயக்க மருந்தால் வந்ததா, காப்பி நின்றதால் வந்ததா என்று பிரித்தறிவது டாக்டருக்கே சிரமமாகிவிடும். நோயாளியோ, தமக்கு ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று பயந்துபோகிறார்.

ஆகையால் அறுவைக்குச் சில வாரங்களுக்கு முன்பே பழக்கத்தைப் படிப்படியாகத் தளர்த்த வேண்டும். மூன்று நான்கு நாளுக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்துவரலாம். டம்ளரைச் சிறிதாக்கலாம்; டிகாக்ஷனை இளக்கலாம்; சர்க்கரையையும் கூடவே குறைத்துவரலாம். ஒரே நாளில் விட்டுவிடுகிறேன் என்ற சபதம் வேண்டியதில்லை. தலைவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கும் பழக்கத்தையும் இக்காலத்திலேயே கைவிட வேண்டும். சில தலைவலி மாத்திரைகளிலேயே காஃபீன் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒருபுறம் குறைத்து மறுபுறம் ஏற்றுவதால் பயனில்லை.

அறுவை நாளைப் பற்றி ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகக் கூற விரும்புகிறோம். பால் கலந்த தேநீரோ காப்பியோ வைத்திய சாஸ்திரப்படி தண்ணீர் ஆகாது, அது உணவு. தெளிந்த நீரை மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்வரை அனுமதிப்பதுண்டு. பால் கலந்ததை ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தியாக வேண்டும். வயிற்றில் பால் இருக்கையில் மயக்கம் கொடுத்தால் அது மேலெழும்பி மூச்சுக்குழலில் இறங்கக் கூடும், உயிருக்கே ஆபத்து. “பட்டினியாக இருக்கிறாரே” என்று இரக்கப்பட்டு விடியற்காலையில் உறவினர் இரகசியமாக வாங்கிக் கொடுக்கும் அரை டம்ளர் தேநீர் இப்படித்தான் தீங்காகிறது. கொடுத்துவிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அறுவை ஒரு நாள் தள்ளிப்போகுமே தவிர, வேறு நஷ்டமில்லை.

அறுவைக்குப் பின்

காப்பியும் தேநீரும் உடலிலுள்ள நீரை வற்றச் செய்துவிடும் என்று பலர் சொல்லக் கேட்கிறோம். பழக்கப்பட்டவர் மிதமாகக் குடிக்கையில் அது பெரும்பாலும் உண்மையன்று. கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. சுருங்கிய இரைப்பை ஒரு வேளையில் சில மிடறுகளுக்கு மேல் ஏற்காது. நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் நீர் உள்ளே போக வேண்டும். அதற்கே பகல் முழுதும் மிடறு மிடறாகக் குடித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. புரதச் சத்துள்ள உணவும் அதே சிறிய இடத்தில்தான் அடங்க வேண்டும். அவ்விடத்தைத் தேநீர் பிடித்துக்கொண்டால் மற்றவற்றுக்கு வழியில்லாமல் போகிறது. வெயிலில் வேலை செய்பவர்களுக்கு இது மிகவும் கேடாகும்.

அன்றியும், காப்பி இரைப்பையில் அமிலச் சுரப்பைத் தூண்டுகிறது. காஃபீன் நீக்கிய காப்பியும் ஓரளவு தூண்டவே செய்கிறது. தையல் போட்ட இடம் ஆறும் வரை அமிலம் மிகுவது நல்லதல்ல. அதனால் சில டாக்டர்கள் ஒரு மாதமும் சிலர் மூன்று மாதமும் காப்பியைத் தள்ளிவைக்கச் சொல்கிறார்கள். கெடு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வேறுபடும். அறுவை செய்த டாக்டர் சொன்னதே அவரவருக்குக் கணக்கு. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதத்தில் குடித்தார் என்பதால் நாமும் குடிக்கலாகாது. நுரை எழும் குளிர்பானங்களையும், காஃபீன் சேர்த்து உற்சாக பானம் என்ற பெயரில் டப்பாக்களில் விற்பவற்றையும் அடியோடு ஒதுக்குவதே நலம்.

சர்க்கரையைப் பற்றி ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். 100 மில்லிலிட்டர் பசும்பாலில் சுமார் 65 கலோரியும், இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 கிராம் சர்க்கரையில் 40 கலோரியும் உள்ளன. பால் தாராளமாக விட்ட ஒரு டம்ளர் 100 கலோரி என்றால் ஐந்து டம்ளருக்கு 500. அறுவைக்குப் பின் முதல் சில மாதங்களில் நாள் முழுதுக்குமான உணவே ஆயிரம் கலோரிக்குக் குறைவாகத்தான் இருக்கும். இதில் பாதியைத் தேநீருக்குக் கொடுத்துவிட முடியுமா? திட உணவை இரைப்பை தடுத்து நிறுத்தும், திரவத்தைத் தடுக்காது. இட்லி இரண்டுக்கு மேல் இறங்கவில்லை என்பவருக்கும் இனிப்புத் தேநீர் நாலு டம்ளர் இறங்கிவிடுகிறது. குறைந்த எடை மீண்டும் ஏறுவதற்கு இதுவும் ஒரு வழி. இரண்டாவது வகை அறுவை செய்துகொண்டவர்களுக்கோ, மிகுந்த சர்க்கரை ஒரே வீச்சில் குடலில் இறங்குவதால் படபடப்பு, வியர்வை, தலைச்சுற்றல், வயிற்றுப்போக்கு ஆகியவை உண்டாகும். வெயில் மயக்கம் என்று இதைத் தவறாக எண்ணிக் கலர் வாங்கிக் கொடுப்பவர்களும் உண்டு. அது கேட்டை வளர்க்கும்.

இப்போது முன்னர் சொன்ன தலைமடைக்கு வருவோம். நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருப்பதாக மேற்சொன்ன கணக்கெடுப்பு காட்டுகிறது. அறுவைக்கு முன்பே இரும்புச் சத்துக் குறைந்தவர்களுக்கு, அதை ஈர்க்கும் குடற்பகுதியும் ஒதுக்கப்பட்டால் நிலைமை எவ்வளவு கவலைக்குரியது! இதில் தேநீர் மூன்றாவது கேடாக வந்து சேருகிறது. 1983இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ரொட்டியும் இறைச்சியும் சேர்ந்த உணவோடு ஒரு கோப்பை காப்பி குடித்தபோது இரும்புச் சத்து உடலில் சேருவது 39 சதவிகிதமும், தேநீர் குடித்தபோது 64 சதவிகிதமும் குறைந்தது. உணவுக்கு ஒரு மணி முன்பு குடித்த காப்பி கெடுதல் செய்யவில்லை. உணவுக்குப் பின் ஒரு மணி கழித்துக் குடித்ததோ, கூடவே குடித்ததைப் போலவே கெடுத்தது. ஆகவே சாப்பிட்ட பிறகு குடிப்பவர்கள் ஒரு மணியோடு நில்லாமல் இரண்டு மணியாவது பொறுப்பது உத்தமம். இரும்பைப் பிடித்துக்கொள்வது காஃபீன் அன்று. தேயிலையிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்களே. எனவே காஃபீன் நீக்கியதைக் குடித்தாலும் இக்குறை தீராது.

இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்குவது, விதைத்த கையாலேயே விதையைப் பொறுக்கி எடுப்பதற்கு ஒப்பாகும். அதைத் தண்ணீரோடோ, சர்க்கரையில்லாத எலுமிச்சைச் சாற்றோடோ உட்கொள்ள வேண்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை அதிலிருந்து இரண்டு மணி நேரம் விலக்கித் தனியே உட்கொள்ள வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுவோரும் விடியற்காலைக் காப்பியோடு அதைச் சேர்க்கலாகாது. மருந்து சரிவர உடலில் சேராது.

மற்றொரு விஷயம், உடல்வலி மாத்திரை. இரண்டாவது வகை அறுவையில் குடலை இணைத்த இடத்தில் புண் உண்டாகக் கூடும். புகைபிடித்தலும், மூட்டுவலிக்கும் உடல்வலிக்கும் கடைகளில் விற்கும் மாத்திரைகளும் அதற்கு முக்கிய காரணங்கள். தேநீரை விட்டதால் வந்த தலைவலிக்கு இத்தகைய மாத்திரையை வாங்கி விழுங்கினால், சிறு தொல்லையை நீக்கப் பெருந்தொல்லையை அழைத்ததாக முடியும். தேநீர்க்கடையில் தேநீரோடு பீடியும் சேர்ந்தே வருவதால், கடைக்குப் போவதையே சில மாதம் நிறுத்திக்கொள்வது பலருக்கு எளிதாயிருக்கும். மலம் கரிய நிறமாகத் தாரைப் போல் போனாலோ, வாந்தி நில்லாதிருந்தாலோ, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும். எதனால் என்பதை டாக்டர் தீர்மானிக்கட்டும்.

பஞ்சாயத்துக் கூட்டத்திலும் விருந்திலும் தேநீரை மறுப்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. அறுவை செய்துகொண்டவர் மறுத்தால் வற்புறுத்தாமலிருக்க அங்கத்தினர்கள் பழகிக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் தேநீரோடு சீரகத் தண்ணீரோ நீர்மோரோ ஒரு பாத்திரத்தில் வைப்பதால் பெரிய செலவு ஒன்றும் ஏற்படாது. மற்றவர்களுக்கும் அது உதவும்.

அறுவைக்குப் பின் மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும், பின்னர் ஆண்டுதோறும் இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ள டாக்டர்கள் சொல்வது வழக்கம். நகரத்து ஆஸ்பத்திரி தூரம் என்பதால் நம்மவர்கள் முதலில் கைவிடுவது இதைத்தான். இரத்தசோகை இருக்கிறதா என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பரிசோதிக்கலாம். அங்கே போகும்போது ஆஸ்பத்திரிச் சீட்டையும் எடுத்துச் சென்று, எந்த மாத்திரையை எத்தனை மணிக்கு உட்கொள்கிறோம், தேநீர் எத்தனை டம்ளர், உணவுக்கு எவ்வளவு நேரம் முன்போ பின்போ குடிக்கிறோம் என்பவற்றையும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கூற வேண்டும்.