ஒருவர் வீடியோ போட்டால் ஆபீஸே நிற்குமா? சர்வர் 'கோட்டா' எப்படி வேலை செய்கிறது?

மாதத்தின் 20-ம் தேதி. ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்குக் கடைசி நாள். தாம்பரம் சானடோரியம் பக்கம் 30 பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். அக்கவுன்ட்ஸில் ஃபைல் சேவ் ஆகவில்லை. மெயிலும் வரவில்லை. 'ஹேக் பண்ணிட்டாங்களோ' என்று பதற்றம். கடைசியில் பார்த்தால், எடிட்டிங் பிரிவில் ஒருவர் 4கே வீடியோக்களை மொத்தமாக சர்வரில் பேக்கப் போட்டிருக்கிறார். டிஸ்க் ஃபுல்!

லாரித் தண்ணீரை நம்பி வாழும் சேலையூர், குரோம்பேட்டை அப்பார்ட்மென்ட்வாசிகளுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. சம்ப் ஒன்றுதான். ஒரு வீட்டில் குழாயைத் திறந்துவிட்டால் எல்லா வீட்டுக்கும் காற்றுதான் வரும்.

இதற்கான தீர்வு பழையது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் எல்ஸ் எழுதிய கோட்டா வசதி, 1983-ல் வெளியான 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் சேர்ந்தது. இன்றைய லினக்ஸ் சர்வர்களிலும் அடிப்படை அதேதான்.

இரண்டு கோடுகள்

ஒவ்வொருவருக்கும் இரண்டு வரம்புகள் உண்டு. சாஃப்ட் லிமிட் 20 ஜிபி, ஹார்ட் லிமிட் 25 ஜிபி என்று வையுங்கள். 20-ஐத் தாண்டினாலும் வேலை ஓடும். ஆனால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். வழக்கமான அவகாசம் 7 நாள். அதற்குள் 20-க்குக் கீழே இறங்காவிட்டால், 25-ஐத் தொடாவிட்டாலும் புதிதாக எதையும் சேமிக்க முடியாது. 25-ஐத் தொட்டாலோ அந்த நொடியே நிற்கும். பயப்பட வேண்டாம், இருக்கும் ஃபைல் எதுவும் அழியாது.

அளவுக்கு மட்டுமல்ல, ஃபைல்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைக்கலாம். லட்சக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல்கள் சேர்ந்தால், இடம் மிச்சமிருந்தும் சர்வர் 'இடமில்லை' என்று சொல்லும்.

எப்படி அமைப்பது?

கோட்டா பார்ட்டிஷன் வாரியாகத்தான் வேலை செய்யும். அதனால் ஊழியர்களின் ஹோம் ஃபோல்டர்கள் தனி பார்ட்டிஷனில் இருப்பது நல்லது. அந்த பார்ட்டிஷனை கோட்டா வசதியோடு மவுன்ட் செய்து, முதல் ஒரு மாதம் வரம்பே வைக்காமல் விடுங்கள். யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று 'ரெப்கோட்டா' கமாண்ட் பட்டியலாகக் காட்டும். பிறகு 'செட்கோட்டா' மூலம் வரம்பு வையுங்கள். ஆளுக்குச் சமமாகப் பிரிப்பது நியாயம் போலத் தெரியும். ஆனால் எக்ஸெல் பார்ப்பவருக்கும் வீடியோ எடிட் செய்பவருக்கும் ஒரே அளவு என்பது சரிவராது.

ரூட் கணக்குக்கு கோட்டா கட்டுப்பாடு கிடையாது. எனவே, ரூட் பெயரில் வீங்கும் லாக் ஃபைல்களைத் தனியாகத்தான் கவனிக்க வேண்டும்.

கல்லூரிகளுக்கும் இந்தக் கணக்கு வந்துவிட்டது. கல்வி நிறுவனங்களுக்கு வரம்பில்லாமல் கொடுத்த இடத்தை நிறுத்தப்போவதாக 2021 பிப்ரவரியில் கூகுள் அறிவித்தது. ஏற்கெனவே பயன்படுத்தியவர்களுக்கு 2022 ஜூலை முதல் மொத்த நிறுவனத்துக்கும் அடிப்படையாக 100 டிபி என்றானது. 4,000 பேர் உள்ள கல்லூரியில் ஆளுக்குச் சுமார் 25 ஜிபிதான். ஆளுக்கு வரம்பு வைக்காவிட்டால், லெக்சர் வீடியோ ஏற்றும் சிலரே பாதியைத் தின்றுவிடுவார்கள்.

இன்னொரு சிக்கல்: விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து சர்வர் ஃபோல்டரைத் திறப்பவர்களுக்கு, சாஃப்ட் லிமிட் எச்சரிக்கை பெரும்பாலும் கண்ணில் படாது. ஏழு நாள் ஓடியதே தெரியாமல் எட்டாம் நாள் ஐடி ஆளைத் திட்டுவார்கள். 'வார்ன்கோட்டா' புரோகிராமை தினமும் காலையில் ஓடவிட்டால், வரம்பைத் தாண்டியவருக்கு மெயில் போய்விடும்.